ஹாபிடாட்: பிரிட்டனின் வீடுகளை மாற்றிய கடை ஏன் நிலைக்கவில்லை?

ஹாபிடாட் என்ற பிரிட்டிஷ் வீட்டலங்காரக் கடைத்தொடரைப் பற்றி மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். பிரிட்டனின் வீடுகளை அது உண்மையிலேயே மாற்றியதா? மாற்றியது என்றால் அந்தக் கடைகள் ஏன் மறைந்தன? இன்று பிரிட்டனின் சேன்ஸ்பரிஸ் பேரங்காடிகளிலும் அதற்குச் சொந்தமான ஆர்கோஸ் கடைகளிலும் அதே பெயரோடு விற்கப்படும் பொருட்கள் அந்தப் பழைய நிறுவனத்தின் பொருட்கள்தானா?

மாற்றியது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இரண்டாவது கேள்விக்குப் பலரும் 'சுவீடனின் அறைகலன் கடைத்தொடரான ஐக்கியா வந்தது, ஹாபிடாட் போனது' என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிடுகிறார்கள். அது பாதி உண்மை. ஐக்கியா பிரிட்டனில் கால் வைப்பதற்கு முன்பே ஹாபிடாட் தன் முதலாளியின் கவனத்தை இழந்துவிட்டது என்பதே என் கருத்து. அந்தக் கடையின் ஒரே சொத்து, எதை வாங்க வேண்டும், எதன் பக்கத்தில் எதை வைக்க வேண்டும் என்று தெரிந்த கண். அந்தக் கண்ணை மற்றவர்கள் நகலெடுத்தார்கள். அதற்குச் சொந்தக்காரரோ வேறு வேலைகளில் மூழ்கிப்போனார். கொஞ்சம் பின்னால் போய்த் தொடங்குகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனில் மரத்துக்குக் கடும் தட்டுப்பாடு. 1943 முதல் சில ஆண்டுகள் அரசு அங்கீகரித்த வடிவங்களில் மட்டுமே அறைகலன்கள் செய்யலாம் என்று இருந்தது; அந்தத் திட்டம் முழுமையாக முடிவுக்கு வந்தது 1952இல். அதன் பிறகும் சாதாரணக் குடும்பம் ஒன்று அறைகலன் வாங்குவது சலிப்பூட்டும் அனுபவமாகவே இருந்தது. பெரிய சோபா ஒன்றும் அதற்கு ஜோடியாக இரண்டு நாற்காலிகளும் கொண்ட செட்டைத் தவணை முறையில் வாங்குவார்கள். பணம் கட்டிவிட்டு, பொருள் வீடு வந்து சேர வாரக்கணக்கில் காத்திருப்பார்கள். கடையில் பழுப்பு நிறச் சாமான்கள் வரிசையாக நிற்கும். தட்டுக்கு ஒரு கடை, திரைச்சீலைக்கு ஒரு கடை, வாணலிக்கு ஒரு கடை என்று அலைய வேண்டும். ஒரு வீட்டின் பொருட்களை எல்லாம் ஒரே ரசனையோடு ஒரே இடத்தில் தேர்ந்தெடுக்கலாம் என்ற எண்ணம் வசதி படைத்த சிலருக்கு மட்டுமே உரியதாக இருந்தது.

ஹாபிடாட்டைத் தொடங்கிய டெரன்ஸ் கான்ரன் 1931இல் பிறந்தவர். லண்டனில் சென்ட்ரல் கலைப்பள்ளியில் துணி வடிவமைப்புப் படித்தார். படிப்பை முடிக்காமலே வெளியேறினார். அங்கே ஆசிரியராக இருந்த சிற்பி எட்வர்டோ பவோலோட்ஸி அவருக்கு நண்பரானார். 1951இல் நடந்த 'பிரிட்டன் திருவிழா' என்ற தேசியக் கண்காட்சிக்கான வேலைகளில் கான்ரனுக்கும் ஒரு பங்கு கிடைத்தது. கொஞ்ச காலம் பாரிஸ் உணவகம் ஒன்றில் பாத்திரம் கழுவினார். ஊர் திரும்பியதும் 1953இல் நண்பருடன் சேர்ந்து லண்டனில் ஒரு சூப் கடை திறந்தார். சூப், ரொட்டி, பாலாடைக்கட்டி, இத்தாலிய இயந்திரத்தில் போட்ட காபி என்று சுருக்கமான பட்டியல். பின்னாளில் ஹாபிடாட்டில் செய்ததன் முன்னோட்டமாகவே இதை நான் பார்க்கிறேன். பொருட்கள் கொஞ்சம்தான், ஆனால் ஒவ்வொன்றும் தேர்ந்தெடுத்தது, விலை நியாயமானது, இடம் சுத்தமாக, எளிமையாக இருந்தது.

அந்த ஆண்டுகளில் பிரான்சில் சுற்றியது அவர் கண்ணைத் திறந்தது. அங்கே சிற்றூர்ச் சந்தைகளிலும் இரும்புச்சாமான் கடைகளிலும் எனாமல் குவளை, கனத்த வார்ப்பிரும்புச் சட்டி, மண் பாத்திரம், வெள்ளைப் பீங்கான் கிண்ணம் எல்லாம் அடுக்கடுக்காகக் குவிந்திருக்கும். அலங்காரம் செய்து கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பதில்லை. நிறைய இருப்பதே அழகாக இருந்தது. இந்தக் காட்சியை அவர் மறக்கவில்லை.

கான்ரனுக்குக் கடை நடத்துவது முதல் ஆசை இல்லை. அவர் அறைகலன் உற்பத்தியாளர். 1960களின் தொடக்கத்தில் தன் தொழிற்சாலையை லண்டனிலிருந்து நார்ஃபோக் மாவட்டத்தின் தெட்ஃபோர்டு என்ற சிற்றூருக்கு மாற்றினார். தொழிலாளர் குடும்பங்களும் கூடவே குடிபெயர்ந்தன. வீடுகளுக்கென்று 'சும்மா' (Summa) என்ற பெயரில் ஒரு வரிசையை அங்கே தயாரித்தார். பிரித்து அட்டைப்பெட்டியில் அடைத்து, வாங்கியவரே வீட்டில் பொருத்திக்கொள்ளும் வகை. பல கடைகள் அதை வாங்கி வைத்தன. ஆனால் பெரும்பாலான கடைகளில் அது பழைய பாணிச் சாமான்களுக்கு நடுவே, வெளிச்சமில்லாத மூலையில், அதைப் பற்றி எதுவும் அறியாத விற்பனையாளரின் பொறுப்பில் கிடந்தது. விற்கவில்லை. பொருள் சரியில்லையா, வைத்திருக்கும் இடம் சரியில்லையா என்ற கேள்விக்கு விடை காணவே அவர் சொந்தக் கடை திறந்தார். ஹாபிடாட்டின் வரலாற்றில் இதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். கடை என்பது சரக்கை இறக்கிவைக்கும் கூடம் என்று எல்லோரும் நினைத்திருந்தபோது, கடையின் தோற்றமும் ஒரு வடிவமைப்புப் பணி என்று அவர் கண்டுகொண்டார்.

1964 மே 11. லண்டன் செல்சி பகுதியில் ஃபுல்ஹாம் சாலை 77ஆம் எண். முன்பு மதுக்கடை இருந்த இடம். உள்ளே வெள்ளையடித்த செங்கல் சுவர், சிவப்பு ஓட்டுத் தரை, பொருட்களின் மேல் நேராக விழும் விளக்கொளி. பெண் ஊழியர்கள் மேரி குவான்ட் வடிவமைத்த உடை அணிந்திருந்தார்கள். தலைமுடியை வெட்டியவர் விடால் சசூன். குட்டைப்பாவாடையையும் நேர்க்கோட்டு முடிவெட்டையும் உலகுக்குப் பரப்பிய அந்த இருவரும் அப்போதுதான் புகழேறிக்கொண்டிருந்தார்கள். சரக்கு கிடங்கில் இருப்பதுபோல அலமாரி நிறைய அடுக்கியிருந்தது. எடுத்துத் தொட்டுப் பார்க்கலாம். பிடித்தால் அன்றே கையில் எடுத்துப் போகலாம். வாரக்கணக்கில் காத்திருந்தே பழகியவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை என்பதை இன்று நாம் எளிதில் உணர முடியாது.

என்ன விற்றார்கள்? 'சும்மா' வரிசை இருந்தது. இத்தாலியின் விகோ மஜிஸ்ட்ரெட்டி வடிவமைத்த, கோரை இருக்கை கொண்ட சிவப்பு நாற்காலி இருந்தது. ராபின் டே வடிவமைத்த பாலிபுரோப்பிலீன் பிளாஸ்டிக் நாற்காலி இருந்தது. ஆனால் அன்றைய வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் நாற்காலி வாங்கப் போனவர்கள் இல்லை. மர அகப்பை, கண்ணாடி ஜாடி, எனாமல் குவளை, சமையல் கத்தி என்று சின்னச் சின்னப் பொருட்களே அவர்களை உள்ளே இழுத்தன. சோபா வாங்கப் பத்தாண்டுக்கு ஒருமுறை வருகிறவர், குவளை வாங்க மாதம் ஒருமுறை வருவார்; வரும்போதெல்லாம் சோபாவையும் பார்த்துவிட்டுப் போவார். இன்று வீட்டலங்காரக் கடை எதற்குள் நுழைந்தாலும் மெழுகுவர்த்தியும் கிண்ணமும் முன்னால் இருப்பதற்குக் காரணம் இந்தக் கணக்குத்தான்.

சில பொருட்கள் தனிக்கதை ஆகின. ஒரு முழுக் கோழி அடங்கும் அளவில், மேல்பாதி கீழ்ப்பாதியாகப் பிரியும் மெருகிடாத சுட்ட மண் பாத்திரம் ஒன்று. கோழியை உள்ளே வைத்து மூடி அடுப்பில் வைத்தால் அதன் சாற்றிலேயே வெந்துவிடும். ஜப்பானியப் பாணியில் உருண்டையான வெள்ளைக் காகித விளக்குக்கூடு இன்னொன்று. மலிவு விலை காரணமாக அது மாணவர் அறைகள் தோறும் பரவியது.

எல்லாவற்றையும்விட ஆழமாக வாழ்க்கைக்குள் புகுந்தது டூவே எனப்படும் உறை போட்ட பஞ்சுப் போர்வை. அதுவரை பிரிட்டனில் படுக்கை விரிப்பது என்றால் மேல்விரிப்பு, இரண்டு மூன்று கம்பளிகள், அதன் மேல் அலங்கார விரிப்பு, எல்லாவற்றையும் இழுத்து ஓரங்களில் செருகுதல் என்று காலைதோறும் ஒரு வேலை. கான்ரன் சுவீடனில் இந்தப் போர்வையைப் பார்த்திருந்தார். ஒரு உதறு உதறிப் போட்டால் படுக்கை தயார். 'பத்து வினாடிப் படுக்கை' என்று விளம்பரம் செய்து விற்றார்கள். வீட்டில் பெண்களின் தலையில் விழுந்திருந்த ஒரு வேலையை இது குறைத்தது என்பதை அழகியல் பேச்சில் நாம் மறந்துவிடக் கூடாது. (இன்று இந்தப் போர்வைகளுக்கான உறைகள் உட்பட வீட்டுத் துணிகள் ஏராளமாக நம் கரூரில் நெய்யப்பட்டுத் தைக்கப்பட்டு ஐரோப்பிய, அமெரிக்கக் கடைத்தொடர்களுக்குப் போகின்றன. மேலைநாட்டுப் படுக்கையறையின் பழக்கம் ஒன்று மாறினால் அதன் அதிர்வு அமராவதிக் கரைத் தறி வரை வருகிறது.)

1966இல் டாட்டன்ஹாம் கோர்ட் சாலையில் அடுத்த கடை. பிறகு மற்ற நகரங்களுக்கும் பரவினார்கள். 1960களின் இறுதியில் அஞ்சல் வழி விற்பனை தொடங்கியது. அதற்காக அச்சிட்ட கேட்டலாக்கில்தான் ஹாபிடாட்டின் செல்வாக்கு உச்சம் தொட்டது. அதில் பொருளைத் தனியாக வெள்ளைப் பின்னணியில் காட்டுவதோடு நிறுத்தவில்லை. மேசை விரித்திருக்கும், ரொட்டி அரிந்திருக்கும், குழந்தை தரையில் விளையாடும், புத்தகங்கள் சிதறிக் கிடக்கும். இப்படி ஒரு வீட்டில் வாழலாமே என்று படிப்பவருக்குத் தோன்றும். லண்டனுக்கு வர வாய்ப்பில்லாத சிற்றூர் ஆசிரியர் ஒருவர், புதிதாக மணமான தம்பதி, வீட்டை விட்டு முதன்முறையாகத் தனி அறை எடுத்த இளம்பெண் என்று அதன் வாசகர்கள் விரிந்தார்கள். பெற்றோரின் வீடுபோல இல்லாத ஒரு வீடு வேண்டும் என்று விரும்பிய ஒரு தலைமுறைக்கு, அது எப்படி இருக்கும் என்று படம் போட்டுக் காட்டியது அந்தக் கேட்டலாக்.

குறைகளும் இருந்தன. படத்தில் பார்த்துக் கடைக்குப் போனால் 'கையிருப்பில் இல்லை' என்பார்கள் என்ற புகார் வெகுகாலம் தொடர்ந்தது. வீட்டில் பொருத்தும் அறைகலன்களில் திருகாணி குறைவதைப் பற்றிய சலிப்பும் உண்டு. வடிவமைப்பில் காட்டிய அக்கறையை விநியோகத்தில் காட்டவில்லை என்பது நியாயமான குற்றச்சாட்டு. இந்தப் பலவீனம் பின்னால் ஐக்கியாவோடு மோதும்போது பெரும் விலை கேட்டது.

1968இல் ரைமன் என்ற எழுதுபொருள் கடைத்தொடரோடு ஹாபிடாட் இணைந்தது. பெரிய நிறுவனத்தின் நிர்வாகத் திறமை தனக்குக் கிடைக்கும் என்று கான்ரன் நம்பினார். ஒத்துவரவில்லை. 1970இல் பிரிந்து ஹாபிடாட்டை மீட்டுக்கொண்டார். அந்த அனுபவம் போதுமான பாடமாக இருந்திருக்க வேண்டும். இல்லை என்பதைக் கீழே பார்ப்பீர்கள்.

மீட்டெடுத்த பிறகு வந்த பத்தாண்டுதான் பொற்காலம். 1973இல் பாரிஸில் கடை திறந்தது. பிரெஞ்சுச் சந்தைகளிலிருந்து எடுத்த அழகை ஆங்கிலேயர் ஒருவர் பிரெஞ்சுக்காரர்களுக்கே திருப்பி விற்றார். அவர்களும் விரும்பி வாங்கினார்கள். அதே ஆண்டு ஃபுல்ஹாம் சாலையின் பழைய இடத்தில், விலை உயர்ந்த பொருட்களுக்காக 'தி கான்ரன் ஷாப்' தொடங்கியது. 1974இல் ஆக்ஸ்ஃபோர்டுஷையரின் வாலிங்ஃபோர்டில் பெரிய கிடங்கும் தலைமை அலுவலகமும் எழுந்தன. 1977இல் நியூயார்க்கில் கடை திறந்தபோது ஹாபிடாட் என்ற பெயர் அங்கே கிடைக்காததால் 'கான்ரன்ஸ்' என்று பெயர் வைத்தார்கள்.

இந்தியாவுக்கும் இந்தக் கதைக்கும் நேரடித் தொடர்பு உண்டு. நம்மில் பலர் அறியாத தொடர்பு. ஜான் பிஸ்ஸெல் என்ற அமெரிக்கர், நியூயார்க்கின் மேசிஸ் அங்காடியில் வேலை பார்த்தவர், ஃபோர்டு அறக்கட்டளையின் உதவியோடு 1958இல் இந்தியா வந்தார். மத்தியக் குடிசைத் தொழில் கழகத்துக்கு ஆலோசகராக இருப்பது அவர் பணி. தறியில் நெய்த துணிகளின் மேல் அவருக்குப் பற்று விழுந்தது. பாட்டி விட்டுச்சென்ற 20,000 டாலரை முதலாக வைத்து 1960இல் ஃபேப் இந்தியாவைத் தொடங்கினார். இன்று அதைக் குர்தாக் கடையாக நினைக்கிறோம். தொடக்கத்தில் அது ஏற்றுமதி நிறுவனம். அனுப்பியது ஜமுக்காளம், திரைச்சீலைத் துணி, மெத்தை உறைத் துணி போன்ற வீட்டுப் பொருட்கள். அதன் மிகப் பெரிய வாடிக்கையாளராக வளர்ந்தது ஹாபிடாட். பானிபட் போன்ற ஊர்களில் நெய்த பருத்தி ஜமுக்காளங்கள், மேலைநாட்டு அறைகளுக்கு ஏற்ற மெல்லிய நிறங்களில் வடிவம் மாறி, லண்டன், பாரிஸ் வீடுகளின் மரத்தரைகளில் விரிந்தன. கைத்தறியை அருங்காட்சியகப் பொருளாகவோ இரக்கத்துக்குரிய பொருளாகவோ காட்டாமல், அன்றாடம் மிதித்து நடக்கும் பொருளாக விற்றதில் ஹாபிடாட்டுக்கும் பிஸ்ஸெல்லுக்கும் ஒரே பார்வை இருந்தது. நெசவாளருக்கு இதனால் தொடர்ச்சியான வேலை கிடைத்தது. ஆனால் ஒரே பெரிய வாடிக்கையாளரைச் சார்ந்திருப்பது எவ்வளவு ஆபத்து என்பது 1992இல் தெரிந்தது. அதற்கு வருகிறேன்.

1981இல் ஹாபிடாட் பங்குச்சந்தைக்குப் போனது. அடுத்த ஆண்டே தாய்-சேய்ப் பொருட்கள் விற்கும் மதர்கேருடன் இணைந்தது. மதர்கேர் ஹாபிடாட்டைவிடப் பெரிய நிறுவனம். 1983இல் டாட்டன்ஹாம் கோர்ட் சாலையின் பழம்பெரும் அறைகலன் கடையான ஹீல்ஸ் கைக்கு வந்தது. அதே ஆண்டு கான்ரனுக்கு 'சர்' பட்டம். 1986இல் பிரிட்டிஷ் ஹோம் ஸ்டோர்ஸ் என்ற மாபெரும் துணி, வீட்டுப்பொருள் அங்காடித் தொடரையும் சேர்த்து 'ஸ்டோர்ஹவுஸ்' என்ற கூட்டு நிறுவனம் உருவானது.

அன்றைய வணிக உலகம் இதைப் பெரிய வெற்றியாகக் கொண்டாடியது. எனக்கு இது சரிவின் தொடக்கம். ஹாபிடாட் வளர்ந்தது ஒரு மனிதர் குவளையின் கைப்பிடி வரை கவலைப்பட்டதால். அந்த மனிதர் இப்போது பிரிட்டிஷ் ஹோம் ஸ்டோர்ஸின் உள்ளாடைப் பிரிவைப் பற்றியும் மதர்கேரின் கையிருப்பைப் பற்றியும் கவலைப்பட வேண்டியிருந்தது. நடுத்தர வயதுக் குடும்பங்கள் விலை பார்த்து வாங்கும் அங்காடியை நல்ல வடிவமைப்பால் திருத்திவிடலாம் என்று அவர் மனதார நம்பினார். அந்த நம்பிக்கையை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த அங்காடியின் பழக்கங்கள் அவருடைய ரசனையைவிட வலுவாக இருந்தன. 1987இல் வெளியார் சிலர் ஸ்டோர்ஹவுஸைக் கைப்பற்ற முயன்றார்கள். அதே ஆண்டு அக்டோபரில் உலகப் பங்குச்சந்தைகள் சரிந்தன. 1990இல் கான்ரன் ஸ்டோர்ஹவுஸை விட்டு விலகினார். தான் பெற்றெடுத்த ஹாபிடாட்டை அங்கேயே விட்டுவிட்டு, 'தி கான்ரன் ஷாப்'பை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியேறினார்.

ஐக்கியா பிரிட்டனில் முதல் கடையைத் திறந்தது 1987 அக்டோபரில், வாரிங்டனில். அதாவது ஸ்டோர்ஹவுஸ் தன் உட்சிக்கல்களில் திணறிக்கொண்டிருந்த அதே நேரத்தில். இரண்டு நிறுவனங்களும் வெளிப்பார்வைக்கு ஒரே வகை. வெளிர்நிற மரம், பிரித்து அடைத்த பெட்டி, கேட்டலாக், தானே எடுத்துச் செல்லும் முறை. உள்ளே இருந்த இயந்திரம் வேறு. ஐக்கியா ஒரு மேசையை வடிவமைக்கும்போது விலையை முதலில் முடிவு செய்யும். பிறகு அந்த விலைக்குள் அடங்கும் மரம், திருகாணி, பெட்டியின் அளவு, கப்பலில் அது பிடிக்கும் இடம் எல்லாவற்றையும் கணக்கிடும். பல நாடுகளில் உற்பத்தியாளர்களோடு நீண்டகால ஒப்பந்தம், நகரத்துக்கு வெளியே மலிவான நிலம், கார் நிறுத்தப் பரந்த இடம், அதே கட்டடத்துக்குள் கிடங்கு. ஹாபிடாட்டோ நகரின் நடுவே வாடகை மிகுந்த தெருக்களில் இருந்தது. பொருட்களைப் பெரும்பாலும் வெளி உற்பத்தியாளர்களிடம் வாங்கியது. 'எளிமையான நவீன வீடு' என்ற ஆசையை மக்கள் மனதில் கால் நூற்றாண்டு உழைத்து விதைத்தது ஹாபிடாட். அந்த ஆசையைக் குறைந்த விலைக்கு நிறைவேற்றும் அமைப்பு ஐக்கியாவிடம் இருந்தது.

1992இல் ஹாபிடாட்டை வாங்கியது யார் தெரியுமா? இக்கானோ. ஐக்கியாவின் நிறுவனர் இங்வார் கம்ப்ராடின் குடும்பத்துக்குச் சொந்தமான நிறுவனக் குழுமம். புதிய உரிமையாளர்களுக்குத் தங்களுக்கென்று கொள்முதல் வழிகள் இருந்தன. ஃபேப் இந்தியா தன் மிகப் பெரிய வாடிக்கையாளரை இழந்தது. தில்லி கிரேட்டர் கைலாஷில் 1976 முதல் ஒரு சில்லறைக் கடை நடத்திவந்தாலும் அதுவரை ஏற்றுமதிதான் அதன் முதுகெலும்பு. இந்த அடிக்குப் பிறகு உள்நாட்டு வாடிக்கையாளரை நோக்கித் திரும்பியது. ஜான் பிஸ்ஸெல்லின் மகன் வில்லியம் பிஸ்ஸெல் தலைமையில் ஊர் ஊராகக் கடைகள் திறந்தன. இன்று சென்னையிலும் கோவையிலும் நாம் பார்க்கும் ஃபேப் இந்தியாக் கடைகளுக்குப் பின்னால், லண்டன் கடைத்தொடர் ஒன்று கைமாறிய நிகழ்வும் ஒரு காரணமாக நிற்கிறது.

இக்கானோவின் கையில் இருந்த காலத்தை முழுத் தோல்வி என்று நான் சொல்ல மாட்டேன். 1990களின் முற்பகுதியில் விட்டோரியோ ராடிச்சே நிர்வகித்தபோது கடைகளுக்கு மீண்டும் உயிர் வந்தது. அவர் 1996இல் செல்ஃப்ரிட்ஜஸ் அங்காடிக்குப் போய்விட்டார். 1998இல் டாம் டிக்சன் வடிவமைப்புத் தலைவராக வந்தார். முறையான வடிவமைப்புப் பட்டம் இல்லாமல், இரும்பை ஒட்டவைத்து நாற்காலி செய்து புகழடைந்தவர் அவர். பழைய வடிவமைப்பாளர்களின் மறந்துபோன படைப்புகளைத் தேடி மறுபதிப்புச் செய்தார். இளையவர்களுக்கும் இடம் கொடுத்தார். அந்த ஆண்டுகளின் பொருட்களில் சில உண்மையிலேயே நல்லவை.

ஆனால் யாருக்கு விற்பது என்ற கேள்விக்கு விடை கிடைக்கவில்லை. ஒரே குடும்பத்தின் கையில் ஐக்கியாவும் ஹாபிடாட்டும் இருந்ததால், ஹாபிடாட் ஐக்கியாவைவிட ஒரு படி மேலே நிற்க வேண்டியதாயிற்று. மேலே ஏற்கெனவே ஹீல்ஸும் ஜான் லூயிஸ் அங்காடிகளும் இருந்தன. கீழே ஐக்கியா, அதற்கும் கீழே பேரங்காடிகள் எல்லாமே வெள்ளைக் கிண்ணமும் காகித விளக்கும் விற்கத் தொடங்கியிருந்தன. 1964இல் ஹாபிடாட்டில் மட்டும் கிடைத்தவை 2004இல் காய்கறி வாங்கும் கடையிலேயே கிடைத்தன. பழைய வாடிக்கையாளருக்கு விலை அதிகமாகத் தோன்றியது. பணக்காரருக்குப் பெயரில் கவர்ச்சி போதவில்லை. நட்டம் சேர்ந்தது.

2009இல் ஒரு வருத்தமான சம்பவம். ட்விட்டரில் மக்கள் அப்போது அதிகம் பேசிக்கொண்டிருந்த தலைப்புகளின் குறிச்சொற்களை, ஈரான் தேர்தல் தொடர்பானவை உட்பட, தன் விளம்பரப் பதிவுகளில் ஹாபிடாட் ஒட்டியது. கண்டனம் எழுந்ததும் மன்னிப்புக் கேட்டது. மக்கள் என்ன விரும்புவார்கள் என்று அவர்களுக்கு முன்பே அறிந்திருந்த கடை, மக்கள் கூடிய இடத்தில் எல்லாம் போய் நின்று கூவ வேண்டிய நிலைக்கு வந்துவிட்டது. அந்த ஆண்டின் இறுதியில் இக்கானோ ஹாபிடாட்டை ஹில்கோ என்ற முதலீட்டு நிறுவனத்திடம் ஒப்படைத்தது. நலிந்த சில்லறை நிறுவனங்களை வாங்கிச் சீரமைப்பதும் கலைப்பதும் அதன் தொழில்.

2011 ஜூனில் பிரிட்டிஷ் ஹாபிடாட் திவால் நிர்வாகத்துக்குள் போனது. பெயரையும் லண்டனின் மூன்று கடைகளையும் ஆர்கோஸின் தாய் நிறுவனமான ஹோம் ரீட்டெய்ல் குழுமம் 2.45 கோடி பவுண்டுக்கு வாங்கியது. மற்ற பிரிட்டிஷ் கடைகள் மூடப்பட்டன. நூற்றுக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். ஐரோப்பியக் கடைகள் கஃபோம் என்ற பிரெஞ்சு நிறுவனத்திடம் போயின. அன்றிலிருந்து ஹாபிடாட் என்ற பெயர் ஆங்கிலக் கால்வாயின் இரு கரைகளிலும் இரண்டு தனித்தனி உரிமையாளர்களின் கையில் இருந்தது.

பிரெஞ்சுப் பக்கம் கதை சோகமாக முடிந்தது. 2020இல் மீண்டும் கைமாறியது. வாடிக்கையாளர்கள் முன்பணம் கட்டிய பொருட்கள் வந்து சேரவில்லை என்ற புகார்கள் குவிந்தன. 2023 டிசம்பர் இறுதியில் நீதிமன்றம் ஹாபிடாட் பிரான்ஸைக் கலைக்க உத்தரவிட்டது. கான்ரன் இதைப் பார்க்கவில்லை. 2020 செப்டம்பரில் 88ஆம் வயதில் இறந்துவிட்டார்.

இனி உங்கள் மூன்றாவது கேள்வி. 2016இல் சேன்ஸ்பரிஸ் சுமார் 140 கோடி பவுண்டுக்கு ஹோம் ரீட்டெய்ல் குழுமத்தை வாங்கியது. அது குறிவைத்தது ஆர்கோஸை. ஹாபிடாட் கூடவே வந்தது. எஞ்சியிருந்த தனிக்கடைகள் 2021ஆம் ஆண்டோடு மூடப்பட்டன. சேன்ஸ்பரிஸின் சொந்த வீட்டுப்பொருள் வரிசைக்கு ஹாபிடாட் என்ற பெயரைச் சூட்டினார்கள். ஆகவே நீங்கள் ஆர்கோஸில் பார்ப்பது சட்டப்படி அந்தப் பெயரின் உண்மையான வாரிசு. தனி நிறுவனமாக, தனிக் கடையாக இருந்த ஹாபிடாட் அது இல்லை. பொருட்களைக் குறைசொல்ல மாட்டேன். விலைக்கு ஏற்ற நேர்த்தியான வடிவங்கள் அவற்றில் கிடைக்கின்றன. சம்பளக்காரருக்கும் எட்டும் விலையில் நல்ல வடிவம் என்ற தொடக்கக் குறிக்கோளுக்கு, கடைசிக் காலத்துத் தனிக்கடைகளைவிட இந்தப் பேரங்காடி அலமாரி நெருக்கமானது என்றுகூட வாதிடலாம். ஆனால் குவளை வாங்க உள்ளே போனவர் சோபாவின் முன் நின்று, தன் வீட்டை வேறுவிதமாகக் கற்பனை செய்துகொண்டு வெளியே வரும் அந்த அனுபவத்தைப் பால், முட்டை அடுக்கிய கடையின் பக்கத்து வரிசையால் தர முடியாது.

பழைய ஹாபிடாட்டை அறிய விரும்பினால் 1970களின் கேட்டலாக்குகளைத் தேடிப் பாருங்கள். பழைய புத்தக விற்பனையாளர்களிடம் இன்னும் கிடைக்கின்றன. பொருட்களில் 'சும்மா' வரிசை அறைகலன்களும் மஜிஸ்ட்ரெட்டி நாற்காலிகளும் பழம்பொருள் ஏலங்களில் வருவதுண்டு. வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: மஜிஸ்ட்ரெட்டியின் அந்த நாற்காலி ஹாபிடாட்டுக்கு மட்டும் உரியது இல்லை, பல கடைகளில் விற்றது. ஹாபிடாட்டில் வாங்கியது என்று சொல்லி விலையை ஏற்றினால், பழைய ரசீதையோ ஒட்டுச்சீட்டையோ காட்டச் சொல்லுங்கள்.